காசு கட்டியாச்சு, டாலர் வரவில்லை

தனுஷ்கோடி முனையில் நின்றால் செல்போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் கடலைத் தாண்டி என் பணம் வந்து சேர பத்து மாதம் ஆனது.

பாம்பனில் எனக்குக் கருவாட்டு வியாபாரம். 2022 ஜனவரி கடைசியில் ஒரு கண்டெய்னர் நெத்திலிக் கருவாட்டைத் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு ஏற்றிவிட்டேன். மதிப்பு 21,000 டாலர், 60 நாள் கடன். வாங்கியவர் கொழும்பு புறக்கோட்டைச் சந்தையின் மொத்த வியாபாரி, அப்பா காலத்துப் பழக்கம். நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். பில்லை ஏற்றுக் கையெழுத்துப் போட்டதும் ஆவணங்கள் அவர் கைக்குப் போய்விடும், சரக்கை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குள் ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு பக்க இன்வாய்ஸும் வாட்ஸ்அப் பேச்சும்தான். நானா நாணயமானவர், அது போதாதா? அவர் நாட்டுக் கஜானாவில் டாலர் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் முதல் வாரம் வரை ஒரு டாலரை 200 இலங்கை ரூபாய் அளவில் இலங்கை மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. பிடியை விட்டதும் மாதக் கடைசியில் 300 ஆகிவிட்டது. நானா சொன்ன நாளில், அந்த 300 கணக்கிலேயே, 63 லட்சத்தைத் தன் வங்கியில் கட்டி ரசீதை அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, காசு கட்டியாச்சு. பேங்க்ல டொலர் இல்லையாம்." ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசே அறிவித்துவிட்டது.

மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "யார் மேல கேஸ் போடப் போறீங்க? வாங்கினவர்தான் கட்டிட்டாரே" என்றார். இராமநாதபுரத்தில் தீர்ப்பே வாங்கினாலும் அதை வைத்துக் கொழும்பில் நேரடியாக வசூலிக்க முடியாதாம். கோர்ட்டுக்கு வெளியே இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தரும் தீர்ப்பு என்றால் வழி உண்டு, அப்படிப்பட்ட தீர்ப்பை நாடுகள் ஏற்றுக்கொள்ளும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன. ஆனால் தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் இன்வாய்ஸில் கடைப் பெயரும் கணக்கு எண்ணும்தான் இருந்தன.

வயிற்றெரிச்சல் வேறொன்று. இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி என்னிடம் இருந்தது. வாங்கியவர் கட்டிய பணம் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாமல் நின்றாலும் இழப்பீடு தரும் ஏற்பாடு அது. ஆனால் ஏற்றிய சரக்கை உரிய தேதிக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஜனவரி சரக்கை நான் அறிவிக்கவில்லை. தங்கச்சி கல்யாண வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிரீமியம் மிச்சமாகட்டும் என்ற அற்ப ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதற்குள் நம் பக்கமும் கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் வந்தாக வேண்டும் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. ஆறு மாத நீட்டிப்பு கேட்கலாம், காரணம் காட்ட வேண்டும். ரசீது போதாது, "ரூபாய் வந்துவிட்டது, அந்நியச் செலாவணிக்குக் காத்திருக்கிறோம்" என்று நானாவின் வங்கி கடிதம் தர வேண்டும் என்றார் இங்கே என் வங்கி அதிகாரி. அது வாங்கவே மூன்று வாரம். ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம் புகுந்த சமயம். நானா பெட்ரோல் வரிசையில் இருந்து படம் அனுப்புவார், நான் கடிதத்தைக் கேட்பேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு முடிச்சும் அப்போதுதான் தெரிந்தது. இலங்கையோடு நடக்கும் வியாபாரப் பணம் அதுவரை வழக்கமாக ஆசிய கிளியரிங் யூனியன் வழியாக, அதாவது சில நாட்டு மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்கு நேர்செய்துகொள்ளும் அமைப்பு வழியாக, தீர்க்கப்பட்டு வந்தது. அதன் தலைமையகம் தெஹ்ரானில். பாம்பன் கருவாடு எங்கே, தெஹ்ரான் எங்கே! அந்த வழிக்கு வெளியேயும் தீர்த்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி ஜூலையில் அனுமதித்தது. நானாவின் வங்கி எங்கள் பில்லைப் புது வரிசையில் வைத்தது.

நவம்பரில் முறை வந்தபோது டாலர் 360 ரூபாய் ஆகியிருந்தது. 12 லட்சத்து 60 ஆயிரம் குறைந்தது. பில் டாலரில் இருக்கிறது, குறைவது உங்கள் பாடு என்றேன். "நான் அண்டைக்கே கட்டிட்டனே தம்பி, டொலர் தராதது என் பிழையா?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நாலு நாள் பேசவில்லை. அப்புறம் பாதிப் பாதி என்று முடித்தோம். எனக்கு நஷ்டம் 1,750 டாலர். வங்கி அதைக் கழித்துக் கணக்கை மூட இன்னொரு கட்டுக் காகிதம் கேட்டது.

அடுத்த சரக்குக்குப் பாதி முன்பணம் கேட்டேன். நடுவர், டாலர் விலை வித்தியாசம் இரண்டையும் எழுதி இரண்டு பக்க ஒப்பந்தம் அனுப்பினேன். நானா படித்துவிட்டுக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினார்: கப்பல் கிளம்பிய பிறகு வர்த்தமானியில் (இலங்கை அரசிதழில்) கருவாட்டு வரி ஏறினால் அதில் பாதி பாம்பன்காரர் பொறுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.