ஓய்வு என்று பதிந்தேன்

"உறுதியாகத் தெரியும் என்றால், எதற்கு இவ்வளவு நேரம் கையிலேயே வைத்துப் பார்த்தாய்?" என்று கூட வேலை பார்த்த மூத்தவர் கேட்டார். நார்வேக்கு வடக்கே, பேரண்ட்ஸ் கடலில் குளிர்கால மீன்வள ஆய்வு. மேசையில் 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண் காட் மீன். நான் பதில் சொல்லவில்லை. ‘ஓய்வு’ என்று, அதாவது பருவமடைந்திருந்தும் இந்த ஆண்டு முட்டையிடாத மீன் என்று, பதிந்துவிட்டு அடுத்த மீனை எடுத்தேன்.

சினைப்பை சிறியது. முட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பருவமடையாத மீனுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இதன் சுவர் தடித்திருந்தது, தொட்டால் தொளதொளவென்று இருந்தது. ஏற்கெனவே முட்டையிட்ட பைதான் அப்படித் தளரும். ஈரலும் மெலிந்திருந்தது. காட் கொழுப்பைச் சேர்த்து வைப்பது ஈரலில்தான். சின்ன வயதில் நமக்கு ஊட்டிய மீன் எண்ணெய் அங்கிருந்து வந்ததே. அந்தக் கொழுப்பு போதாவிட்டால், வளரத் தொடங்கிய முட்டைகளை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மற்றவை நார்வே கரையோரத் தீவுகளான லோஃபோட்டனுக்குப் போய் வாரக்கணக்கில் தவணை தவணையாக லட்சக்கணக்கான முட்டைகளை விடும். இது அந்த ஆண்டு வடக்கிலேயே இரை தேடிக்கொண்டு தங்கிவிடும். எல்லாம் பொருந்தி வந்தது, எழுதினேன்.

பொருந்தி வருவதை மட்டும் தேடிப் பார்த்தேனோ? முட்டையிடாமல் ஓராண்டைக் கடத்தும் மீன்களைப் பற்றித்தான் அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். ‘உறுதியில்லை’ என்று குறிக்கவும் வழி இருக்கிறது. மூத்தவர் சொன்னதும் அதைத்தான். ஆனால் சந்தேகம் வந்ததையெல்லாம் அதில் தள்ளினால் இந்த மீன்கள் கணக்கிலேயே வராமல் போகும். இதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பருவமடைந்த மீன்களின் இருப்பைப் பார்த்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று சிபாரிசு செய்கிறார்கள். ஒரு மீனால் அது மாறப்போவதில்லை, சரி. மற்ற மீன்களையும் இதே கண்தானே பார்க்கிறது?

மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லைப் பார்க்கலாம். முட்டையிட்ட ஆண்டுகள் அதில் தனி வளையங்களாகத் தெரியும் என்று 1933இல் நார்வே மீன் ஆய்வாளர் குன்னார் ரோலெஃப்சன் எழுதினார். வளையம் இருந்தால் நான் எழுதியது சரி. இல்லாவிட்டால் அது பருவமடையாத மீன் என்று சொல்லிவிட முடியுமா? முதல் தடவையே முட்டை வளர்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட மீனைப் பருவமடைந்த கணக்கில் சேர்ப்பதா என்பதில் எனக்கும் அந்த மூத்தவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.