பம்ப் பதிவில் பெயரில்லாமல் கிடந்த வரிகள்

எங்கள் ஐசியுவில், சிரிஞ்சிலிருந்து மருந்தை மெதுவாக அளந்து ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் சிரிஞ்ச் பம்புகளுக்குள் மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அளவு வரம்பைத் தாண்டும்போது பம்ப் கத்தும். சாஃப்ட் லிமிட் என்றால் சிஸ்டர் ஒரு பட்டனை அழுத்தி மேலே போகலாம். ஹார்டு லிமிட் என்றால் பம்ப் ஓடவே ஓடாது. எது நடந்தாலும் உள்ளே பதிவாகும். அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கும் வேலை போன வருடம் மருந்தாளுநரான என் தலையில் விழுந்தது.

எடுப்பதே பெரும்பாடு. வைஃபை இல்லாத பம்புகள். பயோமெடிக்கல் தம்பி ஒவ்வொன்றுக்கும் கேபிள் போட்டு இறக்கினார். கடிகாரம் வேறு பம்புக்குப் பம்ப் மாறியது. ஒன்று 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதைச் சரிக்கட்டாமல் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டால் எல்லாம் தப்பாக வரும்.

முதலில் கண்ணில் பட்டது பொட்டாசியம் குளோரைடு. பக்கம் பக்கமாக ஓவர்ரைடு, அதாவது எச்சரிக்கையைத் தாண்டிப் பட்டனை அழுத்தியது. சிஸ்டர்களின் அலட்சியம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் தப்பு எங்கள் பக்கம். கையில் போட்ட வென்ஃப்ளான் (சிறு ஊசிக்குழாய்) வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட் என்ற வார்டு வரம்பை அப்படியே ஐசியுவுக்கும் ஏற்றியிருந்தோம். சென்ட்ரல் லைனும் (இதயத்தருகே பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) மானிட்டரும் இருக்கிற நோயாளிக்கு 20 வரை டாக்டர்களே எழுதுகிறார்கள். பம்ப் கத்தாமல் என்ன செய்யும்?

என்னைப் பயமுறுத்தியது கத்தாத வரிகள். மருந்தின் பெயரே இல்லாமல், மணிக்கு இத்தனை மி.லி. என்று மட்டும் ஓடியவை. பெயர் இல்லையென்றால் வரம்பு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அலாரங்களை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. நேரத்தைப் பார்த்தேன், பெரும்பாலும் இரவு. சரி என்று ஒரு நைட் டியூட்டியில் போய் நின்றேன்.

"லிஸ்ட்ல நார் அட்ரினலின் 4 மி.கி.தான் மேடம் இருக்கு. டோஸ் ஏறினா ரெண்டரை மணி நேரத்துல சிரிஞ்ச் காலி. மாத்துற நேரத்துல பி.பி. விழுது. அதான் டபுள் ஸ்ட்ரெங்த் போடுறோம்" என்றார் சீனியர் சிஸ்டர்.

நார் அட்ரினலின், பி.பி.யை ஏற்றிப் பிடிக்கும் மருந்து. லிஸ்டில் இருந்த சிங்கிள் ஸ்ட்ரெங்த் 50 மி.லி.யில் 4 மி.கி.; டபுள் என்றால் 50 மி.லி.யில் 8 மி.கி. அது பட்டியலில் இல்லாததால் பெயர் போடாமலே ஓட்டியிருக்கிறார்கள். 70 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் சிங்கிளில் மணிக்கு 5.25 மி.லி., டபுளில் அதில் பாதி. காலையில் வருபவர் லேபிளைக் கவனிக்காமல், அதே வேகத்தில் வேறு ஸ்ட்ரெங்த் சிரிஞ்சை மாட்டினால்?

டபுளையும் பட்டியலில் சேர்க்க டாக்டர்கள் ஒரே மீட்டிங்கில் ஒத்துக்கொண்டார்கள். பம்புகளில் ஏற்றத்தான் வாரக்கணக்கானது. நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் பம்பை நிறுத்த முடியுமா? ஒவ்வொன்றும் ஓய்வுக்கு வரும்வரை காத்திருந்தோம். இரண்டு பம்புகள் வேறு வார்டுக்கு இரவல் போயிருந்தன, தேடிப் பிடித்தோம்.

அடுத்த முறை பதிவை இறக்கியபோது நார் அட்ரினலின் பெயரோடு வந்தது. பெயரில்லாத வரிகள் அப்போதும் கொஞ்சம் இருந்தன. விசாரித்தால், பி.பி.யை ஏற்றும் இன்னொரு மருந்தான வாசோப்ரெசின். ஃபார்மசியில் புதிதாக வாங்கத் தொடங்கியிருந்தோம். பட்டியலில் சேர்க்க மறந்தது நானேதான்.