அந்தக் குறிப்பேடு யாருக்காக?

சர்க்கரை நோயாளி ஒருவர் மேசைமீது வைத்த குறிப்பேட்டைப் புரட்டியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மாதத்து அளவுகளும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன; ஒன்றுகூட 130-ஐத் தாண்டவில்லை. ஆனால் அவருடைய எச்பிஏ1சி 9.4 சதவீதம் என்று, மிக அதிகமாக வந்திருந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அந்தப் பரிசோதனையை முந்தைய இரவில் உட்கார்ந்து திருத்திவிட முடியாது. சற்றுக் கடுமையாகவே கேட்டேன். "உண்மையை எழுதினால் நீங்கள் திட்டுவீர்களே டாக்டர்" என்றார் அவர், தயங்காமல்.

அவர் பொய் எழுதியதைவிட, எனக்காக எழுதினார் என்பதுதான் என்னை உறுத்தியது. விடைத்தாள் திருத்தும் வாத்தியாராக நான் உட்கார்ந்திருந்தால், அவர் மாணவராகத்தானே இருக்க முடியும்?

ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு நோயாளி என்னோடு இருப்பது ஒரு மணி நேரம். மீதியுள்ள 8,759 மணி நேரமும், மாத்திரையைப் போடுவதா தள்ளிப்போடுவதா, நடக்கப் போவதா படுத்துவிடுவதா, இந்தப் படபடப்பைப் பொருட்படுத்துவதா என்றெல்லாம் முடிவெடுப்பவர் அவர்தான். தம் நோயை அவர் ஏற்கெனவே நிர்வகித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கு நாங்கள் எவ்வளவு உதவுகிறோம் என்பதுதான் கேள்வி.

உதவி என்றால் அறிவுரை என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் முதலில் மூட்டுவாத நோயாளிகளுக்கும், பின்னர் பிற நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் உருவாக்கிய பயிற்சியைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம், ஆறு வாரங்கள் நடக்கும் அதனை நடத்துபவர்களில் பலர் தாமே நோயோடு வாழ்கிறவர்கள். மூட்டுவாதப் பயிற்சியில் வலி குறைந்தவர்களை ஆராய்ந்தபோது, அந்த முன்னேற்றம் அவர்கள் கற்றுக்கொண்ட பழக்கங்களைவிட, 'என்னால் இதைச் சமாளிக்க முடியும்' என்று அவர்களுக்குள் வளர்ந்த நம்பிக்கையோடுதான் நெருங்கிப் பொருந்தியது.

இப்போது நான் இலக்கு வைப்பதில்லை. நோயாளியையே வைக்கச் சொல்கிறேன். வைத்தபின், "இதைச் செய்துவிடுவோம் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை இருக்கிறது?" என்று கேட்கிறேன். ஏழுக்குக் கீழே சொன்னால், அவரை உற்சாகப்படுத்த முயலாமல், நம்பிக்கை ஏழுக்கு ஏறும்வரை இலக்கைச் சுருக்குகிறோம். தினமும் ஒரு மணி நேர நடை என்று வீறாப்பாகத் தொடங்கியவர், வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் என்பதில் வந்து நின்றிருக்கிறார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் கைகூடுவது அதுதான். (இந்த உரையாடலை என்னைவிட எங்கள் செவிலியர் நன்றாக நடத்துகிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

எண்களையும் அவருக்குப் பயன்படும் வகையில் எடுக்கச் சொல்கிறேன். தினமும் காலையில் மட்டும் குத்திக்கொள்வதைவிட, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால், அந்தச் சாப்பாடு என்ன செய்தது என்பது அவருக்கே தெரிந்துவிடும். இதய செயலிழப்பு உள்ளவர் தினமும் எடை பார்ப்பதும் இவ்வாறுதான்: இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது, உடனே அழைக்க வேண்டும் என்று அறிந்தவருக்கே எடைக்கருவி உதவும். 70-க்குக் கீழே இறங்கிய சர்க்கரைக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லித்தந்துவிட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

அந்தக் குறிப்பேட்டுக்காரர் அடுத்த முறை வந்தபோது எச்பிஏ1சி 8.7 என்று இருந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறிப்பேட்டில் மூன்று நிற மை இருந்தது, ஒரு பக்கத்தில் 212 என்றும் இருந்தது. அதன் எதிரில், "சாப்பிட்டதும் படுத்துவிட்டேன், மறுநாள் அதே சாப்பாடு, நடந்தேன், 168" என்று எழுதியிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, இரவுச் சாப்பாட்டுக்கும் அதைச் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.