தகயாமாவில் ஒரு கிண்ணம் புதுச் சாகே

ஜப்பானில் நகோயாவிலிருந்து தகயாமாவுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஹிதா மலைகளுக்குள் ஏற ஏற ஜன்னலுக்கு வெளியே பனிதான். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததே சாகே என்ற அரிசி மதுவுக்காகத்தான். குளிரில் நொதிப்பு நிதானமாக நடக்கும், கெடுக்கிற கிருமிகளும் அடங்கிக் கிடக்கும் என்பதால் சிறிய பட்டறைகள் சாகே போடுவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான்.

சன்மாச்சி பழைய தெருவில் எது சாகே கடை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் பெரிய பூசணிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை தொங்கும். சுகி என்ற ஊசியிலை மரத்தின் தழைகளை நெருக்கிக் கட்டி, வட்டமாகக் கத்தரித்தது, பெயர் சுகிதமா. புதுச் சாகே வந்ததும் பச்சையாகக் கட்டுவார்கள். மாதங்கள் போகப் போக அது பழுப்பாகும், உள்ளே சாகேயும் முதிரும். நான் நுழைந்த கடையில் உருண்டை இன்னும் பச்சை.

கல்லாவில் இருந்த அம்மா முதலில் ஊற்றித் தரவில்லை. இரண்டு தட்டுகளில் அரிசியை வைத்தார். ஒன்று தீட்டாதது. மற்றது கிஞ்ஜோ என்ற உயர் ரகச் சாகேக்காகத் தீட்டியது. தீட்டிய பிறகு அரிசியின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. கையில் அள்ளிப் பார்த்தேன், சின்னச் சின்ன முத்துகள் மாதிரி இருந்தது. ஓரங்களில் இருக்கும் புரதமும் கொழுப்பும் வாசனையைக் கெடுக்கும் என்பதற்காக இத்தனையையும் இழைத்து எடுக்கிறார்கள். சோறு தின்றே வளர்ந்த எனக்கு அந்தத் தட்டிலிருந்து கையை எடுக்கவே மனம் வரவில்லை.

அரிசியில் திராட்சை மாதிரி சர்க்கரை கிடையாது. அதனால் வெந்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில்!

அப்புறம் கிண்ணம் வந்தது. வெள்ளைப் பீங்கான், அடியில் இரண்டு நீல வளையங்கள். வெள்ளையில் நிறம் தெரியும், நீலத்தில் தெளிவு தெரியும். முதலில் தந்தது ஜுன்மாய் என்ற ரகம், தண்ணீரும் அரிசியும் கோஜியும் மட்டும் சேர்ந்தது. இளஞ்சூட்டில் சோற்றுக் கஞ்சியின் வாசம், மெல்லிய புளிப்பு. அடுத்தது நமாசாகே. வழக்கமாகச் சாகேயை 65 டிகிரி வாக்கில் இரண்டு முறை சூடுபடுத்துவார்கள், இதைச் சூடே காட்டாமல் தருகிறார்கள். நாக்கில் பட்டதும் லேசான சுறுசுறுப்பு, பழுத்த பேரிக்காயின் மணம், விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கும் இனிப்பு. நான் குடித்ததிலேயே இதுதான் சிறந்த சாகே, சந்தேகமே இல்லை.

ஊருக்கு இரண்டு பாட்டில் வேண்டும் என்றேன். அந்த அம்மா தலையசைத்து மறுத்தார். குளிர் விட்டுப்போனால் இதன் சுவையே மாறிவிடுமாம். "இன்று இரவே குடிப்பீர்களா?" என்று கேட்டார். சரி என்றதும் 300 மில்லி பாட்டில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

விடுதி ஜன்னல் விளிம்பில் குவிந்திருந்த பனியில் அதைச் செருகி வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு ஹோபா என்ற அகன்ற மர இலையில் மிசோ என்ற சோயா விழுதைச் சுட்டுத் தந்தார்கள். இலை கருகும் வாசனையோடு ஒவ்வொரு கிண்ணமாகக் குடித்து முடித்தபோது வெளியே மறுபடியும் பனி விழ ஆரம்பித்திருந்தது.