2பி-ல காணாமப் போன பில்லுங்களைத் தேடுன கதை

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறனுங்க, எட்டு வருசமாச்சு. மாசத்துக்கு முன்னூறு பர்சேஸ் பில்லுக்குக் கொறையாது, நூல் மில்லு, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங்னு ஆரம்பிச்சு லேபிளு, அட்டைப்பொட்டி வரைக்கும். 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி வரும், அதாவது சப்ளையருங்க நம்ம பேர்ல ஏத்துன பில்லுங்களோட லிஸ்டு, 20ஆம் தேதிக்குள்ள 3பி-ங்கற வரிக் கணக்கைப் போடோணும், நடுவால இருக்கற அந்த நாலஞ்சு நாள்லதான் டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல நாங்க ஏத்தி வெச்சிருக்கற பில்லு ஒவ்வொண்ணும் 2பி-ல இருக்குதான்னு பாத்து முடிக்கோணும். 2022 ஜனவரிக்கு அப்பறம் சப்ளையர் ஏத்தி அது நம்ம 2பி-ல வந்தாத்தான் இன்புட் கிரெடிட்டு, அதாவது வாங்குனப்பக் குடுத்த வரியை நம்ம வரில கழிச்சுக்கறது, பில்லு நம்ம ஃபைல்ல பத்தரமா இருந்தாலும் கதைக்காவாது. 4,00,000 ரூவா நூலுக்கு 5 பர்சன்ட்னா 20,000, அது ஒரு பில்லு விட்டுப்போனா மொதலாளியண்ணன் மூஞ்சியைப் பாக்க முடியாதுங்க.

மொதல்ல ரெண்டையும் பிரின்ட் எடுத்து ஒருத்தி படிக்க ஒருத்தி பென்சில்ல டிக் அடிச்சோம், அப்பறம் எக்ஸெல்ல ஒரு லிஸ்டுல இருக்கறதை இன்னொரு லிஸ்டுல தேடற விலுக்கப்பு ஃபார்முலா. விலுக்கப்பு நல்லதுதான், ஆனா மாசாமாசம் ஃபார்முலா இழுத்து, கட்டங்களை நகத்தி, எங்கியோ ஒரு வரி நழுவி, ரவைக்கு எட்டு மணி பஸ்ஸும் போயிரும். கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் வேலைல இருக்கற பெரியம்மா பையன்கிட்ட பொலம்புனப்பதான் என்8என்னுன்னு வேலைங்களைத் தானா ஓட்டற ஒரு சாஃப்ட்வேர் இருக்குது, ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் இருந்தா அதுலயே ஓட்டிக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கெழமை வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனான். போட்டுக் குடுத்ததோட சரி, மிச்சமெல்லாம் நானே முட்டி மோதுனதுதான்.

அதுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், அதை நோடும்பாங்க, கம்பேர் டேட்டாசெட்ஸ்னு ஒரு நோடு இருக்குதுங்க. ரெண்டு லிஸ்டை உள்ள குடுத்தா நாலு வழியா வெளிய வரும், ஏ-ல மட்டும் இருக்கறது, பி-ல மட்டும் இருக்கறது, ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கறது, ரெண்டுலயும் இருந்தும் ஏதோ ஒண்ணு மாறி இருக்கறது. நமக்கு வேண்டியது ஏ-ல மட்டும், அதாவது டேலில இருக்குது 2பி-ல இல்லை. ஃபைலை மட்டும் நான் கையால டவுன்லோட் பண்ணி ஃபோல்டர்ல போட்டுருவேன், போர்ட்டல்ல கேப்சா கேக்குமே, அதுக்கு நான் மல்லுக்கட்டல.

2024 ஜூன்ல மே மாசத்துக் கணக்குக்கு மொதத் தடவை ஓட்டுனேன். டேலில 318 பில்லு, அதுல 221 காணோம்னு வந்துச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. லிஸ்டைத் தொறந்து பாத்தா பாதிக்கு மேல 2பி-ல கண்ணு முன்னாடியே இருக்குது. நாம டேலில 24னு போட்டிருப்போம், அவங்க 0024னு ஏத்தியிருப்பாங்க. ஒரு டையிங்காரரு பில் நம்பரு 10/24னு இருந்ததை எக்ஸெல் அதும்பாட்டுக்கு அக்டோபர் மாசமா மாத்தி வெச்சிருச்சு. ஒரு பக்கம் 24 எண்ணா வருது, இன்னொரு பக்கம் எழுத்தா வருது, நமக்கு ஒண்ணுதான், அதுக்கு வேற வேற. இந்த எண்ணு எழுத்து வம்பை மட்டும் ஃபஸ்ஸி கம்பேருன்னு ஒரு பட்டனைப் போட்டா கண்டுக்காம விட்டுரும், மத்ததெல்லாம் நாமதான் சீர் பண்ணோணும். தேதியில இன்னொரு கூத்து, மே 6ஆம் தேதி ஒரு பக்கம் தேதியாவே இருக்குது, இன்னொரு பக்கம் 45418னு நிக்குது, எக்ஸெல்லு உள்ளுக்குள்ள நாளை எண்ணி வெக்கற நம்பராம் அது, நான் ஏதோ பில் தொகைன்னு ரொம்ப நேரம் தேடிட்டிருந்தேன்.

அதனால கம்பேருக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சின்னதா புரோகிராம் எழுதிக்கற 'கோட்' நோடு ஒண்ணு போட்டு எல்லா பில் நம்பரையும் ஒரே மாதிரி ஆக்குனேன், கேப்பிட்டல் எழுத்தாக்கி, ஸ்பேசு, சாய்கோடு, நடுக்கோடு எல்லாம் எடுத்துட்டு, முன்னாடி நிக்கற சைபரையும் எடுத்துட்டு. சந்தோசமா இருந்தேன். ஆனா கோட்டை எடுத்துட்டா 1/12ம் 11/2ம் ஒரே 112 ஆயிருதுங்க! அது எப்பவாச்சும் நடக்கறது, தொகையையும் சேத்து கம்பேர் பண்ணுனா மாறி இருக்கற வழில வந்து மாட்டிக்கும். தொகைக்கும் ஒரு ரூவா ரெண்டு ரூவா ரவுண்ட் ஆஃப் வித்தியாசத்தை விட்டுரோணும், இல்லைன்னா அந்த வழி பூரா அதுதான் நெறயும்.

அதைவிடப் பெருசா ஒண்ணு, பில் நம்பரை மட்டும் வெச்சு மேட்ச் பண்ணவே கூடாது. 45ஆம் நம்பர் பில்லு நிட்டிங்காரர்கிட்டயும் இருக்கும், லேபிள்காரர்கிட்டயும் இருக்கும், ஒருத்தரோட 45 இன்னொருத்தரோட 45ஐ மறைச்சுப்போடும், காணாமப் போனது கண்ணுக்கே தெரியாது. பதினஞ்சு எழுத்து ஜிஎஸ்டி நம்பரையும் பில் நம்பரையும் வருசத்தையும் ஒட்டி ஒரு கீயா ஆக்கி அதுலதான் தேடோணும். இதைப் பண்ணுனதும் 221 அப்படியே 19க்கு வந்துருச்சு.

அந்தப் பத்தொம்பதையும் உடனே போன் போட்டுத் திட்டக்கூடாதுங்க, நான் அந்தத் தப்பைப் பண்ணிட்டேன். ஒரு எம்பிராய்டரி யூனிட் அண்ணனுக்குக் கூப்பிட்டு, "ஏனுங்ணா, நம்ம பில்லு ஏத்தலைங்களா"ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். "அம்மிணி, நாங்க மூணு மாசத்துக்கு ஒருக்காதானுங்க போடறோம், ஆடிட்டரு சொல்லலீங்களா"ன்னாரு. சின்ன யூனிட்டுங்க நெறயா அப்படித்தான், வருசம் 5 கோடிக்குள்ள டர்னோவர் இருந்தா காலாண்டுக்கு ஒருக்கா போடலாம், நடு மாசத்து பில்லை 13ஆம் தேதிக்குள்ள தனியா ஏத்தற வசதி இருக்குது, ஆனா அது அவங்க இஷ்டம். அதனால அவங்களுக்குன்னு ஒரு சின்ன ஷீட்டு வெச்சு, காணாமப் போன லிஸ்டை அதோட இன்னொருக்கா மேட்ச் பண்ணி தனியாப் பிரிச்சுட்டேன். அதே மாதிரி 2பி-யை அந்த ஒரு மாசத்துது மட்டும் எடுத்துக்காம ஏப்ரல்ல இருந்து எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கித்தான் இப்ப பி பக்கம் குடுக்கறேன், டேலிலயும் அப்படியே ஏப்ரல்ல இருந்து. லேட்டா ஏத்துன பில்லு அடுத்த மாசத்து 2பி-லதானே வரும், அது பழைய மாசத்துல என்னைக்கும் காணாமத்தான் இருக்கும்.

இனி நான் மாட்டுன கதை. காணாமப் போன பில்லு இருந்தா மட்டும் எனக்கு மெயில் வர்ற மாதிரி வெச்சிருந்தேன். ஜூலைல 2பி வந்ததும் ஃபைலைப் போட்டுட்டு, ஆடி ஒண்ணுக்குத் தேங்கா சுடற நோம்பின்னு பவானிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். மெயிலே வரல. பரவால்லையே, இந்த மாசம் எல்லாரும் ஒழுங்கா ஏத்திட்டாங்கன்னு நெனச்சு அழிஞ்சி குச்சில தேங்காயைச் சுட்டுத் தின்னுட்டு நிம்மதியா இருந்தேன். 19ஆம் தேதி வெடியால வந்து சும்மா ஒரு சந்தேகத்துக்குத் தொறந்தா, டேலி ஃபைலைப் பேர் மாத்தி சேவ் பண்ணியிருக்கறேன், அது எடுக்கவே இல்லை. ஏ பக்கம் காலி. காலியா இருந்தா அக்கட்டால எந்த நோடும் ஓடாது, சிவப்பு எர்ரரும் வராது, பொட்டாட்டம் நின்னுக்கும். அன்னிக்குப் பொழுதோட வரைக்கும் சோறு எறங்கல, கையால பாத்ததுல ஏழு பில்லு காணோம்.

இப்ப பில்லு காணாமப் போனாலும் போவாட்டியும் மெயில் வரும். டேலில எத்தனை வரி, 2பி-ல எத்தனை வரி, மேட்ச் ஆனது எத்தனைன்னு மூணு எண்ணிக்கை மேலயே இருக்கும், ஃபைல் காலியா இருந்தாலும் மேக்கொண்டு ஓடற மாதிரி ஆல்வேஸ் அவுட்புட் டேட்டாவையும் ஆன் பண்ணிட்டேன். 15ஆம் தேதி மத்தியானத்துக்குள்ள மெயில் வரலைன்னா ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஒரே கீ டேலில ரெண்டு தரம் வந்தா அதையும் எண்ணச் சொல்லி வெச்சேன், அதுலதான் புதுசா வந்த புள்ள ஒரு நூல் பில்லை ரெண்டு தரம் போட்டிருந்தது தெரிஞ்சுது. அதைச் சொன்னப்ப மொதலாளியண்ணன், "இதெல்லாமா கண்டுபுடிக்குது"ன்னு அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஒரு பார்வை பாத்தாருங்க.

பி-ல மட்டும் இருக்கறதை நான் ரொம்ப நாள் சீண்டவே இல்லை, நம்ம கணக்குல இல்லாத கிரெடிட்டு நமக்கெதுக்குன்னு. ஆடிட்டரு சொல்லித்தான் பாத்தேன், டிரான்ஸ்போர்ட் பில்லு, கொரியர் பில்லுன்னு எங்க டிராயர்லயே டேலில ஏறாம தூங்கிட்டிருந்தது ஒம்போது இருந்துச்சு.

ஒரே ஒரு பட்டன்காரர் மட்டும் இன்னமும் மேட்ச் ஆகறதில்லைங்க. பில்லைக் கையாலதான் எழுதுவாரு, அவர் போடற 1 நமக்கு 7ஆட்டத் தெரியும், போன மாசமும் 171ஐ 177னு ஏத்திப்போட்டேன், இந்த மாசத்து பில்லு இன்னும் கைக்கு வரல.