பெரியாழ்வாரின் நந்தவனத்தில்

மதுரையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டு, படியேறி, பள்ளிகொண்ட பெருமாளான வடபத்ரசாயியைச் சேவித்தேன். அப்புறம் அதிக நேரம் நின்றது நந்தவனத்தில்தான். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த இடம்.

மகளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவள் அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைக்க வேண்டும் என்று ஆண்டாளிடம் கேட்கத்தான் வந்திருந்தேன்.

பெரியாழ்வார் செடி வைத்தார், தண்ணீர் ஊற்றினார், பூப்பறித்து மாலை கட்டினார். எல்லாம் பெருமாள் கழுத்துக்கு. அந்தக் கைதான் மகளையும் வளர்த்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் குரலில் அவர் பாடியது எனக்கு மனப்பாடம்: 'ஒரு மகள் தன்னை உடையேன் உலகம் நிறைந்த புகழால் திருமகள் போல வளர்த்தேன் செங்கண்மால் தான் கொண்டு போனான்.' உடையேன் என்று ஆரம்பித்த வாய், மூச்சு விடுவதற்குள் கொண்டு போனான் என்கிறது. இத்தனை நாளும் இதில் அழுகை மட்டும்தான் எனக்குக் கேட்டது. அன்றைக்கு அடுத்த அடிகளும் நினைவுக்கு வந்தன. திருப்பி அனுப்பு என்று அந்தத் தாய் கேட்கவே இல்லை. யசோதை மருமகளைப் பார்த்து மகிழ்வாளா, சீராக வைத்துக்கொள்வாளா, அதுதான் அவள் கவலை.

பெரியாழ்வார் எப்போதும் அப்படித்தான். மதுரையில் கருடன்மேல் பெருமாள் காட்சி கொடுத்தபோது வரம் எதுவும் கேட்கவில்லையே. இந்த அழகுக்குக் கண்பட்டுவிடுமோ என்று பயந்து, பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார். கடவுளைக் குழந்தையாகப் பார்க்கிற மனசு அது.

ஆண்டாள் கோயில் கருவறையில் ஆண்டாள், அவள் கைப்பிடித்த பெருமாள் ரெங்கமன்னார், கருடாழ்வார் மூவரும் ஒன்றாக. ஆண்டாள் கையில் அன்றைக்குச் செய்த இலைக்கிளி, மாதுளம்பூ மூக்கோடு. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். தீபாராதனை காட்டினார்கள். "நல்லா இரும்மா, ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாற்றல் விஷயம் வாயில் வரவில்லை. ஆண்டாள் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பால்கோவா கடை வாசலில் நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. உங்க அத்தைக்குப் பால்கோவா பிடிக்குமா?"