டேஷ்போர்டு

மத்தியானம் தக்கலையில் மழை கொஞ்சம் விட்ட நேரம், டாமியா கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் காரில், டேஷ்போர்டுக்கு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்ட உட்கார்ந்தேன்.

ஸ்பீடோமீட்டர் ஒரு மிளகு அளவுதான். தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவ ஆரம்பித்ததும் ட்வீசரால் நகர்த்தி உட்கார வைத்தேன். முள், எண்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன!

அக்கா மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"மாமா, மேல்பாகத்த மாட்டிட்டா இது யாருக்கும் தெரியாதே?"

"தெரியாதுதான் மக்கா. ஆனா இருக்கணும்லா."

இந்த மாடலின் 1/24 அளவில், நிஜத்தில் 4 மீட்டர் நீளமுள்ள கார் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, ஈரக்காற்றில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு போய் வெள்ளை பூத்துவிடும் என்பதால் பாடிக்கு பெயிண்ட் அடிப்பதை வெயில் வரட்டும் என்று வைத்துவிட்டு, மழை நாளில் உள்வேலையை எடுத்துக்கொள்வேன். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வேலையும்.

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறவர்கள் ஒரு சஸ்பென்ஷனையாவது ஒட்டிப் பார்க்க வேண்டும். ரோட்டில் போகிற காருக்குள் எது எதைத் தாங்குகிறது என்பது கையால் பொருத்தும்போதுதான் மனதில் நிற்கிறது.

சரி, சக்கரம் மாட்டுவதை அவனிடமே விடப்போகிறேன்.